மந்திர வாள் செய்ய நாள் இருக்கா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல மந்திரப் பொருள் செய்யுற கேரக்டர் எடுக்க ஆசையா? ஷீட்ல பேர் எழுதுறதுக்கு முன்னாடி, கதை நடத்துற டிஎம் கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "நடுவுல ஓய்வு நாள் கிடைக்குமா?"

ஏன்னா இங்க தங்கத்தை விட நாள்தான் பெரிய செலவு. 2017-ல வந்த 'ஸானதார்ஸ் கைடு' விதிப்படி, ஒரு அன்காமன் பொருளுக்கு 200 தங்கக் காசு, 2 வேலை வாரம். ரேர்னா 2,000 காசு, 10 வாரம்! அபூர்வ மூலப்பொருளையும் தேடிப் பிடிக்கணும். டிராகன் ஊரை எரிச்சிட்டு இருக்கும்போது பத்து வாரம் பட்டறையில உட்கார எந்த டீமும் விடாது.

நாள் கிடைக்காதுன்னா ஆர்ட்டிஃபிசர் எடுங்க. 2020-ல வந்த 'டாஷாஸ் கால்ட்ரன்' விதிகள்ல, லெவல் 2-லயே, ஒரு நீண்ட ஓய்வு முடியும்போது 2 சாதாரணப் பொருட்களுக்கு மந்திரம் ஏத்தலாம். காசு செலவே இல்லை. ஆனா உங்க கேரக்டர் செத்தா, சில நாள்ல அந்த மந்திரமும் போயிடும்.

அந்த ரெண்டையும் நீங்களே வச்சுக்காதீங்க. முன்னாடி நின்னு அடி வாங்குற ஃபைட்டரோட கவசத்துக்கு ஒரு +1 ஏத்திக் கொடுங்க. எதிரியோட அடி ஒரே ஒரு நம்பர்ல தவறும்போது, டேபிள்ல எல்லாரும் உங்களைத்தான் திரும்பிப் பார்ப்பாங்க. அதுக்குத்தானே இந்த கேரக்டர்!