பெயர் ஓரூரில், பிழைப்பு ஓரூரில்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

யாம் மெட்ரிக்குலேஷன் அளவே கற்றோம். எனினும் இரயில்வே எழுத்தராய் இருபதாண்டுகள் பட்டியல்களோடு பழகியுள்ளோம். அத்துணிவில் இன்று வாக்காளர் பட்டியலைப் பற்றிப் பேச விழைகின்றோம்.

2024 மக்களவைத் தேர்தலில் மண்டியாத் தொகுதியில் நூற்றுக்கு 81 பேர்க்குமேல் வாக்களித்தனர். நம் பீன்யா அடங்கிய பெங்களூரு வடக்கிலோ 54 பேரே வந்தனர். 2023 சட்டமன்றத் தேர்தலின்போது, மக்கள் வார இறுதியோடு சேர்த்து விடுப்பெடுத்து வெளியூர் செல்லாதிருக்கும் பொருட்டுப் புதன்கிழமை குறிக்கப்பெற்றது. அப்போதும் மாநிலம் 73 விழுக்காடு கண்டிருக்க, இந்நகரம் 55-ஐ ஒட்டியே நின்றது.

நகரத்தார் சோம்பேறிகள் என்பர் சிலர். அது முழு உண்மையன்று. முன்பதிவுப் பட்டியலில் பெயரிருந்தும் ஆளேறாத இருக்கைகளை யாம் நாள்தோறும் காண்கின்றோம். அவ்விருக்கைக்கு உரியவர் வேறோர் ஊரில் இருப்பார். வாக்காளர் பட்டியலிலும் அவ்வாறே. குடிபெயர்ந்தவர் பலருடைய பெயர் பழைய தெருவிலேயே தங்கிவிடுகின்றது.

எம் குடும்பமே சான்று. 2019 ஏப்ரல் 18 அன்று தமிழகத்திலும் பெங்களூரிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. எம் வீட்டார் பெயர்கள் யாவும் சொந்த ஊரில் இருந்தன. எமக்கோ அன்று பணிமுறை. அண்டை வீட்டுக் கன்னடப் பெரியவர் விரலில் மையோடு வந்து, “தாங்கள் வாக்களிக்கவில்லையா?” என்று கேட்டார். எம்மிடம் விடையில்லை. பதினான்காண்டு இவ்வூர் நீரைக் குடித்தும், அந்நீர் வரும் குழாயைப் பற்றிக் கேட்கும் உரிமையை யாமே கைவிட்டிருந்தோம்.

சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரிருப்பது ஓர் உறவன்றோ எனலாம். அவ்வுறவும் இனி உறுதியன்று. தமிழகத்தில் நடைபெற்ற சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், 2025 டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுட் பெரும்பகுதி இடம்பெயர்ந்தோருடையவை. அங்கும் பெயரின்றி இங்கும் பெயரின்றி நம்மவர் நிற்றல் ஆகாது.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக்குப் பெயரெழுதப்பட வேண்டியவர் சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும் என விதித்தது. இன்றைய சட்டமோ சொந்த மனை கேட்பதில்லை. பதினெட்டு வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் ஓரிடத்தில் வழக்கமாக வாழ்ந்தாற் போதும். பீன்யாவின் வாடகை அறையில் வாழும் லேத் தொழிலாளிக்கும் அவ்வீட்டு உரிமையாளருக்கும் வாக்கு ஒன்றே. அதே சட்டம் ஒருவர் பெயர் ஈரிடங்களில் இருத்தலையும் தடுக்கின்றது. ஆகவே வாழுமிடத்தைத் தேர்வோம்.

வழியும் கடினமன்று. ஊர்ப் பட்டியலில் பெயருள்ளவர் இடமாற்றத்திற்குப் படிவம் 8 தருக. எங்கும் பெயரில்லாதவர் படிவம் 6 தருக. படிவத்தில் ஐயமெனின் 1950 என்னும் எண்ணில் வினவலாம். 135-பி என்னும் சட்டப்பிரிவு, தொழிலகங்களிலும் கடைகளிலும் பணிபுரியும் வாக்காளர்க்கு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்தோடு விடுமுறை அளிக்கின்றது, நாட்கூலியார்க்கும் அஃதுண்டு. நம்முள் பட்டறை நடத்தும் அன்பர்கள் கேளாமுன்னரே அதனை வழங்குவாராக. எண்பத்தைந்து வயது நிரம்பிய முதியோரும், நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் உடற்குறை உடையோரும், 2024 தேர்தலில் படிவம் 12-டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்க வழியிருந்தது.

சங்கத்திற்கும் ஒரு கடமையுண்டு. ஞாயிறுதோறும் இம்மன்றத்தில் ஒரு மேசையிடுவோம். கன்னடம் கற்ற நம் பிள்ளைகள் பெரியோர்க்குப் படிவம் நிரப்பித் தரட்டும். எவர்க்கு வாக்களிப்பது என்னும் பேச்சு அம்மேசையில் வேண்டா. அஃது அவரவர் மனச்சான்றின் பாற்பட்டது.

2024-இல் எம் இல்லத்தார் நால்வரும் இங்கேயே வரிசையில் நின்றோம். அப்பெரியவர் எமக்கு முன் நின்றார். இம்முறை அவர் ஏதும் கேட்கவில்லை. சற்று நகர்ந்து நிழலில் எமக்கு இடம் தந்தார். அவ்விடம் உங்கள் அனைவர்க்கும் கிடைப்பதாக.