பழுதை அறிவிக்கும் நுண்குறி



1817-ஆம் ஆண்டில் லண்டனில் வாழ்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் மருத்துவர், நடுக்குவாதம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். ஓய்ந்திருக்கும் கை தானே நடுங்குவதையும், நோயாளி முன்புறம் சாய்ந்தவாறு ஓட்டமும் நடையுமாகச் செல்வதையும் அவர் அதில் விவரித்தார். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகின்றது. இந்நோயில் நடுமூளையிலுள்ள கருநிறப் பகுதியின் நரம்பணுக்கள் மடிகின்றன. நடுக்கம் வெளியே புலனாகும் காலத்தில் அவற்றுள் பெருந்தொகை முன்னமே அழிந்திருக்கும். வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டுமாயின், கரை எங்கே கசிகின்றது என்பது முதலில் தெரிய வேண்டும் அன்றோ? அக்கசிவைக் காட்டும் ஒரு கருவியைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

நம் உடலின் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதற்கே வேண்டியிருக்கின்றது. அந்த ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்குபவை உயிரணுவினுள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புக்கள். 1982-இல் கலிபோர்னியாவில் போதைப்பொருள் உட்கொண்ட இளைஞர் சிலர் திடீரென உடல் விறைத்து, முதிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல் ஆயினர். அப்போதைப்பொருளில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற பொருள் மூளையில் மாற்றமடைந்து மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தைத் தடுப்பது பின்னர்த் தெளிவாயிற்று. மைட்டோகாண்ட்ரியாவின் கேட்டிற்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதற்கு இது வலிய சான்றாக அமைந்தது.

அடுத்த சான்று பரம்பரை வழியே கிட்டியது. 1998-இல் ஜப்பானிய அறிஞர்கள் பார்க்கின் என்ற மரபணுவைக் கண்டனர். 2004-இல் பிங்க்-1 என்ற மற்றொன்று வெளிப்பட்டது. இவ்விரண்டில் ஒன்று, தாய்வழி தந்தைவழி ஆகிய இரு படிகளிலும் பழுதுபட்டுப் பிறந்தவர்களை இந்நோய் இளமையிலேயே பற்றக்கூடும்.

இவை செய்யும் வேலையைக் காட்டிலாகாவின் வழக்கத்தோடு ஒப்பிடலாம். வெட்ட வேண்டிய மரத்திற்கு அதிகாரி முதலில் குறியிடுவார். வெட்டுவோர் பிறகு வருவர். நலமான மைட்டோகாண்ட்ரியாவில் பிங்க்-1 உள்ளே இழுக்கப்பட்டு அழிந்துவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதுற்றால், பிங்க்-1 அதன் வெளிப்புறத்திலேயே தங்கி, அங்குள்ள உபிகுவிட்டின் என்னும் சிறு புரதத்தின் 65-ஆம் இடத்திலுள்ள செரினில் ஒரு பாஸ்பேட்டைப் பொருத்துகின்றது. இதுவே குறி. இக்குறி பார்க்கினை அழைக்கின்றது. பார்க்கின் மேலும் உபிகுவிட்டினைச் சேர்க்கின்றது. இறுதியில் உயிரணு அப்பழுதுற்ற உறுப்பை விழுங்கிச் செரித்துவிடுகின்றது. பாஸ்பேட்டாகிய குறியை 2014-இல் வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன.

இக்குறியைக் காண்பது எப்படி? உபிகுவிட்டின் 76 அமினோ அமிலங்களால் ஆனது. பாஸ்பேட் சேர்வதால் அதன் எடை நூற்றுக்கு ஒரு பங்களவே கூடுகின்றது. குறியுள்ளதைப் பற்றிக் குறியில்லாததை விட்டுவிடும் ஓர் எதிர்ப்பொருள் வேண்டும்.

எதிர்ப்பொருள் என்பது அந்நியப் பொருளை எதிர்க்க உடல் ஆக்கும் புரதம். இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. முயலின் உபிகுவிட்டினும் மனிதனின் உபிகுவிட்டினும் ஒன்றே. தன் சொந்தப் புரதத்தை எந்த விலங்கும் எளிதில் எதிர்ப்பதில்லை. எனவே குறியுள்ள பகுதியை மட்டும் சிறு துண்டாக ஆய்வுக்கூடத்தில் தொகுத்து, வேறொரு பெரிய புரதத்தோடு பிணைத்து, முயலுக்கு ஊசி வழியே செலுத்துவர். சில வாரங்கள் சென்றபின் எடுக்கும் குருதிநீரில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். குறியில்லாத துண்டுகளைப் பதித்த குழாய் வழியே அதைச் செலுத்தினால், வேண்டாதவை அங்கே ஒட்டிக்கொள்ளும். எஞ்சியவற்றுள் குறியைப் பற்றுபவற்றை மட்டும் பிரித்தெடுப்பர்.

இதனோடு வேலை முடிந்ததெனக் கருதலாகாது. எக்கேள்விக்கும் கையைத் தூக்கும் மாணவனை ஆசிரியர் நம்புவதில்லை. எதிர்ப்பொருளும் அவ்வாறே. மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும் மருந்தை இட்ட உயிரணுவில் அது ஒளிர வேண்டும். பிங்க்-1 மரபணுவை நீக்கிய உயிரணுவில், அதே மருந்தை இட்டாலும் ஒளிராதிருக்க வேண்டும். என் மதிப்பில் இரண்டாவதே கடுமையான தேர்வு. அதைச் செய்யாது வெளியிடப்படும் படங்கள் எத்துணை அழகாயிருப்பினும் பயன் சிறிதே.

புளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் வுல்ப்டீட்டர் ஸ்ப்ரிங்கர் தலைமையிலான குழுவினர் இத்தகைய எதிர்ப்பொருள்களைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். பிங்க்-1 பழுதுற்ற நோயாளிகளின் உயிரணுக்களில் குறி எழவில்லை. இறந்தோரின் மூளைகளில் வயது ஏற ஏறக் குறி மிகுந்திருந்தது. பார்க்கின்சன் நோயுற்றோரிடத்திலும் அது மிகுந்திருந்தது.

இனி, மிகுந்த குறியின் பொருள் யாது? காட்டில் குறியிட்ட மரங்கள் பல நிற்பதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். பட்ட மரங்கள் பெருகியிருக்கலாம். அல்லது வெட்டுவோர் வாராதிருக்கலாம். மூளையிலும் அவ்வாறே. பழுது மிகுந்ததாலும் குறி பெருகும். கழிவகற்றும் வேலை தளர்ந்ததாலும் பெருகும். இவ்விரண்டிற்கும் வேண்டிய மருந்து ஒன்றன்று. ஆதலின் குறியை எண்ணுவதோடு நில்லாமல், விழுங்கிச் செரிக்கும் படிகளையும் உடன் அளக்கின்றனர்.

மற்றொரு தடையும் உண்டு. வாழும் மனிதனின் மூளையை அறுத்துப் பார்க்க இயலாது. அதே நிலையத்தார் 2021-இல், எதிர்ப்பொருள்களின் துணையால் இக்குறியை உயிரணுக்களிலும், இறந்தோர் மூளையிலும், குருதியிலும் அளக்கும் நுட்பமான முறையொன்றை வெளியிட்டனர். குருதியில் குறி கிடைப்பது நல்ல செய்திதான். ஆனால் மைட்டோகாண்ட்ரியா தசையிலும் உண்டு, இதயத்திலும் உண்டு, ஈரலிலும் உண்டு. குருதித் துளியில் காணும் குறி இவற்றுள் எவ்வுறுப்பிலிருந்து வந்தது என்று பிரித்தறிவதே இத்துறையின் அடுத்த வேலை.