காவல் நிலைய வாசலில் சிறு மனுக்கள்

(அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்த அலுவலர்களுக்கும், பொது நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் காவல்துறையைச் சேர்ந்தவன் அல்லன். பொருளாதாரம் பயின்று, மத்திய அரசுப் பணியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைக் கழித்தவன். காவல்துறையைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். மனு கொடுக்கச் சென்ற குடிமகன் என்பதே என் தகுதி. அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் வட மாநிலம் ஒன்றில் கள ஆய்வுப் பணியில் இருந்தேன். பேருந்துப் பயணத்தில் என் கைப்பை தொலைந்துவிட்டது. அலுவலக அடையாள அட்டையும் சில பதிவேடுகளும் அதில் இருந்தன. மாற்று அட்டை பெறுவதற்குக் காவல் நிலையச் சான்று தேவைப்பட்டது. நிலையத்திற்குச் சென்றபோது வராந்தாவில் தச்சுத் தொழிலாளி ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கருவிப் பை களவு போயிருந்தது. உளியும் இழைப்புளியும் இல்லாமல் அவருக்கு மறுநாள் கூலி இல்லை. காலையிலிருந்து நிற்பதாகச் சொன்னார்.

நான் மத்திய அரசு அலுவலர் என்று சொன்னவுடன் நாற்காலி வந்தது, தேநீரும் வந்தது. கால் மணி நேரத்தில் முத்திரையிட்ட சான்று என் கையில் இருந்தது. நான் வெளியே வரும்போது, “நாளை வா” என்று தச்சரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “இவர் எனக்கு முன்பே வந்தவர்” என்ற சொற்கள் என் வாய்வரை வந்தன. நான் அவற்றைச் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

இதனை ஒரு தனி மனிதரின் கடுமை என்று ஒதுக்கிவிட முடியுமா? என்னிடம் அன்பு காட்டியவரும் தச்சரைத் திருப்பி அனுப்பியவரும் ஒரே எழுத்தர்தாம். ஆகவே, காரணத்தை அவர் குணத்தில் மட்டும் தேடுவது போதாது. அவருடைய பணி எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1861ஆம் ஆண்டின் சட்டம்

நம் காவல்துறையின் அமைப்பு 1861ஆம் ஆண்டின் காவல் சட்டத்தில் வேரூன்றியது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவு மாறாத காலத்தில் இயற்றப்பட்ட சட்டம் அது. ஆணைகளுக்குக் கீழ்ப்படிதல், பொது அமைதி குறித்த செய்தி திரட்டுதல், குற்றங்களைத் தடுத்தல், குற்றவாளிகளைப் பிடித்தல் ஆகியவற்றையே காவலரின் கடமைகளாக அது வகுத்தது. உதவி நாடி வரும் குடிமகனை வரவேற்பது அப்பட்டியலில் இல்லை. 2006ஆம் ஆண்டு சோலி சொராப்ஜி குழு வரைந்த மாதிரிக் காவல் சட்டம்தான், மக்களிடம் மரியாதையுடன் நடப்பதையும், முதியோர், பெண்கள், குழந்தைகள், வறியோர் ஆகியோருக்கு வழிகாட்டுவதையும் காவலரின் சமூகப் பொறுப்புகளாக எழுதிவைத்தது. காவல் மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாதலால், மாதிரிச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் ஏற்பையும் பொறுத்தே பயன் தரும்.

ஆயினும் நிலையத்திற்கு வருவோர் எதற்காக வருகிறார்கள்? தொலைந்த சான்றிதழ், வீடு திரும்பாத சிறுவன், அண்டை வீட்டாருடன் வரப்புத் தகராறு, குடித்துவிட்டு அடிக்கும் கணவன், களவு போன மிதிவண்டி என்று அன்றாட இன்னல்களையே சுமந்து வருகிறார்கள். இவற்றைக் கவனிப்பது ‘உண்மையான’ காவல் பணிக்கு இடையூறு என்று நினைக்கும் மனப்பான்மை துறையில் ஊறிப்போயிருக்கிறது.

எண்ணிக்கை செய்யும் கேடு

இரண்டாவது காரணம் என் துறைக்கு நெருக்கமானது. என் பை தொலைந்ததைப் பதிவு செய்ததால் அந்த நிலையத்திற்கு எந்தச் சுமையும் ஏற்படவில்லை. ஒரு தாளும் ஒரு முத்திரையும் போதும். தச்சரின் களவைப் பதிவு செய்திருந்தாலோ, அது முதல் தகவல் அறிக்கை ஆகியிருக்கும். அடுத்து விசாரணை நடத்த வேண்டும். திருடன் அகப்படாவிட்டால் ‘துப்புத் துலங்காத வழக்கு’ ஒன்று கூடும். மாதக் கூட்டத்தில் மேலதிகாரி விளக்கம் கேட்பார். எழுதினால் வரும் செலவு காவல் நிலையத்தினுடையது. எழுதாமல் விட்டால் வரும் செலவோ முழுவதும் தச்சருடையது; அது எந்தக் கணக்கிலும் ஏறாது. இந்நிலையில் “நாளை வா” என்பது எழுத்தருக்கு ஆதாயமான முடிவாகிவிடுகிறது.

புகார்களைப் பதியாமல் விடும் இவ்வழக்கத்தை, 1977இல் தரம் வீரா தலைமையில் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையமே ஆராய்ந்தது. 1979 முதல் 1981 வரை அது எட்டு அறிக்கைகளை அளித்தது. பழி காவல்துறையை மட்டும் சேர்ந்ததன்று. ‘இந்தியாவில் குற்றம்’ என்னும் ஆண்டறிக்கை 1953 முதல் வெளிவருகிறது. எண்ணிக்கை உயர்ந்தால் சட்டமன்றத்தில் கூச்சல், நாளிதழில் பெருந்தலைப்பு. குற்றம் பெருகுவது வேறு, பதிவு பெருகுவது வேறு என்று அவ்வறிக்கையே அண்மை ஆண்டுகளில் எச்சரித்து வருகிறது. அந்த எச்சரிக்கையைப் படிப்போர் சிலரே.

மூன்றாவது காரணம் களைப்பு. 2019இல் 21 மாநிலங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின்படி, காவலர் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் உழைக்கிறார். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வார விடுமுறை இல்லை. தமக்கே ஓய்வு கிடைக்காதவரிடம் பிறர் குறையைப் பொறுமையுடன் கேட்கும்படி சொல்வது எளிது. அவர் கேட்பது அரிது.

சிறியது எது, பெரியது எது?

சிறு மனு என்று நாம் சொல்வது உண்மையில் சிறியதுதானா? புதுதில்லிக்கு அருகே நொய்டாவில் நிட்டாரி என்னும் சிற்றூர் உள்ளது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் அங்கு ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமற்போயினர். பெற்றோர் காவல் நிலையத்திற்கு நடந்தனர். தங்கள் முறையீட்டை யாரும் பொருட்படுத்தவில்லை என்று பின்னர்க் குமுறினர். 2006 டிசம்பரில் அவ்வூர்ச் சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. தண்டிக்கப்பட்ட இருவரையும் 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறிப் பல வழக்குகளில் விடுவித்தது. புலனாய்வின் குறைகளையும் கடிந்துரைத்தது. முதல் மனுவை எழுதாத நாளில் தடயங்களும் அழியத் தொடங்குகின்றன. காலங்கடந்த விழிப்பால் அவற்றை மீட்க இயலாது.

2013 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், காவல்துறை தானே விசாரிக்கக்கூடிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் பதிவு செய்வது கட்டாயம் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். மின்னணு வழியிலும் தரலாம், ஆயின் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். சட்டம் இன்று தச்சரின் பக்கம் நிற்கிறது. ஆனால் அதை அறியாதவர்தாம் வராந்தாவில் நிற்கிறார்.

செய்யக்கூடியவை

மனப்பான்மையை மாற்ற முடியுமா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ராஜஸ்தானில் 162 காவல் நிலையங்களில் பொருளாதார அறிஞர்களும் மாநிலக் காவல்துறையும் சேர்ந்து பல சீர்திருத்தங்களைச் சோதித்தனர். புகார்தாரர் போல ஆட்களை அனுப்பி, பதிவு நடக்கிறதா என்றும் பார்த்தனர். அலுவலர்களை அடிக்கடி இடம் மாற்றாதிருத்தல், பணியிடைப் பயிற்சி ஆகிய இரண்டும் நற்பயன் தந்தன. வார விடுமுறையும் ஊர்ப் பிரதிநிதியை நிலையத்தில் அமர்த்துவதும், தொடர்ந்து நடைமுறைப்படுத்தப்படாமையால் போலும், உறுதியான பலன் காட்டவில்லை. மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களில் நடந்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. பெண்களுக்கான உதவி மேசைகள் அமைந்த நிலையங்களில் பெண்களின் புகார்கள் கூடுதலாகப் பதிவாயின. பெண் அலுவலர் பொறுப்பேற்ற இடங்களில் முதல் தகவல் அறிக்கைகள் மேலும் கூடின.

இவற்றிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்றே: எதை அளக்கிறோமோ அதுவே நடக்கிறது. ‘எத்தனை குற்றங்கள் குறைந்தன?’ என்று கேட்டால் எழுதுகோல் நின்றுவிடும். ‘வந்தவர் எத்தனை பேர்? எத்தனை பேருக்கு எழுத்து மூலம் பதில் தந்தீர்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தனர்?’ என்று மேலதிகாரி கேட்கத் தொடங்கினால், வராந்தாவில் நிற்பவர் கணக்கில் ஏறுவார். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வருகைப் பதிவேடும், ஒப்புகைச் சீட்டும், அவற்றை அவ்வப்போது நேரில் சரிபார்க்கும் மேலதிகாரியும் போதும். காவல்துறையின் அதிகாரத்துக்கு உட்படாத மனுவாயின், எங்கே செல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுதித் தருவதும் உதவியே.

உங்களுள் பெரும்பாலோர் காவல்துறைக்குச் செல்லப் போவதில்லை. ஆயினும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் இதே வராந்தா உண்டு. அங்கே யாரோ ஒருவர் காலையிலிருந்து நிற்பார். உங்களுக்கு நாற்காலி போடப்படும் நாளும் வரும். அப்போது, உங்களுக்கு முன்பே வந்தவர் யார் என்று கேளுங்கள். அன்று நான் கேட்கத் தவறிய கேள்வி அது.