எடை குறைக்கும் ஊசி

பேரையூர்ப் பக்கம் கல்யாண வீடுகளில்கூட இப்போது, "அந்த ஊசி போட்டா உடம்பு இளைச்சிருமாமே!" என்ற பேச்சு காதில் விழுகிறது. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ, ஜூனில் வீகோவி என இரண்டு ஊசி மருந்துகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. பசியை அடக்கும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். டாக்டர் கண்காணிப்பில் போட்டால் நல்ல மருந்துதான்.

வீகோவியை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் 2.4-க்குக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் வாந்தி, பேதி என்று உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் வரை பாதிக்கும். பித்தப்பைக் கல், கணைய அழற்சியும் வரலாம். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. கொழுப்போடு தசையும் கரையும். காடு கரையில் பாடுபடுகிற உடம்புக்கு அது சின்ன இழப்பா?

இன்னொன்று. சிபுட்ரமின் என்ற எடை குறைப்பு மாத்திரையை, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2011-ல் இந்தியா தடை செய்தது. 'மூலிகை' என்று விற்கும் சரக்குகளில் அதைக் கலப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. பெயர் தெரியாத பொடியைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஊசி போடுகிறவருக்கு மேல்வயிறு கடுமையாக வலித்து முதுகுக்குப் பரவினால், வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.