லேண்ட்லைனை எடுத்துடலாமா?

"மாசா மாசம் பில் கட்டறோம். மணி அடிச்சா ராங் நம்பர். சரண்டர் பண்ணிடலாம்ப்பா" என்கிறான் மகன்.

"கரண்ட் போனாலும் இது பேசுமேடா!" என்கிறார் அப்பா.

அது பழைய செம்புக் கம்பிக்குத்தான் பொருந்தும். எக்ஸ்சேஞ்சில் இருக்கிற பேட்டரியே சுமார் 48 வோல்ட் மின்சாரத்தைக் கம்பி வழியாக அனுப்பிவிடும். ஃபைபரில் வருவது வெறும் வெளிச்சம். வீட்டு மோடம் அணைந்தால் போனும் ஊமை. இன்வெர்ட்டர் இல்லாத வீடென்றால் மகன் பக்கமே நியாயம்.

செல்போனைத் தடவத் தெரியாத பாட்டி இருந்தால் மட்டும் நான் அப்பா கட்சி.

எடுப்பதென்றால், பேங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் கொடுத்த நம்பரை முதலில் மாற்றுங்கள். பாக்கியைக் கட்டிவிட்டு, டெபாசிட்டைத் திருப்பிக் கேளுங்கள். அந்தப் பழைய ரசீது எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்பது பாட்டிக்குத்தான் தெரியும்!