வீட்டுக்குக் குடித்தனம் பார்ப்பது எப்படி?



வீடு வாடகைக்கு விடுகிறவர் குடிவர வருகிறவரை எப்படி விசாரிப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாமென்று நினைக்கிறேன். இதில் பகுத்தறிவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வீட்டு வாசலில் நடக்கும் அந்தப் பத்து நிமிஷப் பேச்சில்தான், தோழர்களே, ஜாதி ஒளிந்து கொண்டிருக்கிறது.

வீட்டுக்காரர் விசாரிப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆயுள் முழுவதும் உழைத்துக் கட்டிய வீட்டை முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கிறவர் நன்றாக விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் எதை விசாரிக்கிறார்? "நீங்கள் என்ன ஆட்கள்?" என்கிறார். அதைக் கேட்க வெட்கப்படுகிறவர் "சைவமா?" என்கிறார். சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்கிறார். கேள்விகள் பலவானாலும் சங்கதி ஒன்றுதான். ஜாதியா மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறது? கத்தரிக்காய் தின்கிறவன் கரண்டு பாக்கி வைக்க மாட்டானா?

நானும் பின்கட்டில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறவன்தான். ஒரு சமயம் "நல்ல குடும்பத்து மனிதர்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, வேறொன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்தேன். ஆறு மாத வாடகையை நிறுத்தி வைத்துவிட்டு ஓர் இரவில் அவர் காலி செய்து போய்விட்டார். குடும்பம் நல்லதாகவே இருக்கலாம். எனக்கு வர வேண்டிய பணம் வரவில்லை!

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1917இல் தோழர் அம்பேத்கர் அவர்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்து உத்தியோகத்துக்கு வந்தார். சம்பளம் உண்டு, படிப்பு உண்டு, ஒழுக்கம் உண்டு. ஆனால் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் வைத்துக் கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடிக்கம்புகளுடன் ஆட்கள் வந்து வெளியேறச் சொன்னார்கள். சிநேகிதர்கள் வீட்டிலும் இடம் கிடைக்காமல், பொதுத் தோட்டத்தில் பொழுதைக் கழித்து, இரவு ரயிலேறிப் பம்பாய் போனார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். இவரைவிட யோக்கியமான குடித்தனக்காரர் அந்த ஊரில் யாருக்குக் கிடைத்திருப்பார்? ஜாதியைக் கேட்டதால் யோக்கியதையைக் கேட்கவே நேரமில்லாமல் போயிற்று.

பின் எதைத்தான் கேட்பது? என்ன தொழில், மாத வருமானம் எவ்வளவு, வாடகை அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். எத்தனை பேர் குடியிருப்பார்கள், எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கேளுங்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடம் போய், வாடகை தவறாமல் வந்ததா, வீட்டைச் சுத்தமாக விட்டார்களா என்று விசாரியுங்கள். அடையாள அட்டையின் நகல் வாங்குங்கள். வருகிற எல்லாரிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள். ஆளுக்கொரு கேள்வி வைப்பதில்தான் வஞ்சகம் புகுகிறது.

வாய்ப் பேச்சை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலிருக்கும் வாடகைச் சட்டம், நகரங்களில் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவும் செய்யச் சொல்கிறது. இரண்டு மாத வாடகை நிலுவை வைத்து, நோட்டீசு கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாதவரைக் காலி செய்யக் கோர அதில் வழியுண்டு. உங்கள் வீட்டைக் காப்பது ஒப்பந்தமா, கோத்திரமா?

"பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள்?" என்பதுதான் கடைசிச் சாக்கு. பக்கத்து வீட்டார் உங்களுக்கு வாடகை தருகிறார்களா?

ஆகையால் தோழர்களே, அடுத்த முறை வாசலில் ஒருவர் வந்து வீடு கேட்டால், அவர் பிறப்பை விட்டு நடத்தையை விசாரியுங்கள். உங்கள் பணமும் பத்திரமாகும். ஒரு மனிதனின் மானமும் பத்திரமாகும் என்று சொல்லி என் வார்த்தையை முடித்துக் கொள்கிறேன்.