கரையோரக் கப்பலும் அயல்நாட்டுக் கொடியும்

உலகப் படம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சற்றே பாருங்கள். கீழே வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் துறைமுகம். மேலே, வடமேற்கு மூலையில், அலாஸ்கா. இரண்டும் ஐக்கிய அமெரிக்காவுக்கே உரியவை. இரண்டுக்கும் நடுவே கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் நீண்டு கிடக்கிறது. கோடைக்காலத்தில் சியாட்டிலிலிருந்து பெரிய உல்லாசக் கப்பல்கள் அலாஸ்காவின் பனியாறுகளைக் காட்டுவதற்காகப் புறப்படுகின்றன. ஏழு நாட்களில் போய்த் திரும்புகின்றன. அவற்றின் பயணத் திட்டத்தைப் பார்த்தால், எங்கேனும் ஓரிடத்தில் கனேடியத் துறைமுகம் ஒன்றின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அது விக்டோரியாவாக இருக்கும். அதுவும் இரவு வேளையாக இருக்கும். அழகிய பூந்தோட்டங்களுக்குப் பேர்போன ஒரு நகரத்தை, இருட்டிய பிறகு காட்டுவானேன்? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நான் கப்பல் சட்டம் படிக்க நேர்ந்தது. படிக்கத் தூண்டியது புத்தக ஆர்வம் அன்று. எங்கள் வீட்டுக் காரியம்.

என் தம்பியின் மகள் அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவில் தாதியாகப் பணிபுரிகிறாள். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நானும் என் மனைவியும் சியாட்டிலில் எங்கள் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு நாள் இருக்கிறதே, அதற்குள் கப்பலில் ஒருமுறை போய் அவளையும் பார்த்து ஊரையும் பார்த்து வரலாம் என்று மகன் சீட்டு வாங்கிக் கொடுத்தான். புறப்பட்ட இரண்டாம் நாள் மாலை, நடுக்கடலில் செய்தி வந்தது: குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டது, தாய்க்கு உடல்நிலை சரியில்லை. அந்தப் பெண்ணுக்குத் தாய் இல்லை. என் மனைவிதான் அவளுக்குப் பெரியம்மாவும் தாயும். மறுநாள் நண்பகலில் கப்பல் ஜூனோவை அடையும். "நாம் அங்கேயே இறங்கிவிடுவோம், கப்பல் தன் வழியே போகட்டும்" என்றாள் அவள். நானும் சரி என்றேன். இதில் யாருக்கு என்ன தடை இருக்கமுடியும்?

கப்பலின் அலுவலகத்தில் இருந்தவர் ஒரு மலையாள இளைஞர், தமிழும் பேசினார். நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, "அம்மா, பகல் முழுவதும் நீங்கள் போய்ப் பார்த்து வரலாம். இரவு பத்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். அங்கேயே தங்கிவிட்டால் அது சட்டப்படி குற்றம்" என்றார். யார் செய்த குற்றம் என்று கேட்டேன். "கப்பல் செய்த குற்றம். அபராதத்தைச் சுங்க இலாகா கப்பலிடம் வாங்கும், கப்பல் உங்களிடம் வாங்கும்" என்றார். ஆளுக்கு 700 டாலருக்கு மேல் வரும் என்றும் சொன்னார். "அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவில் இறங்குவதற்கு அபராதமா?" என்று வியந்தாள் என் மனைவி. அவள் வியப்போடு கேட்டாளே, அந்த ஒரு வாக்கியத்தில்தான் சட்டத்தின் சாரமே இருக்கிறது.

1886-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய பயணிக் கப்பல் சட்டம் இது. ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து மற்றோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிச் சென்று இறக்கும் உரிமை அமெரிக்கக் கப்பலுக்கே உண்டு என்பது விதி. அமெரிக்கக் கப்பல் என்றால் கொடி மட்டும் போதாது. அது அமெரிக்கத் தளத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கர்க்கு உடைமையாக இருக்க வேண்டும். அமெரிக்க மாலுமிகள் ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் அபராதம் பயணி ஒருவருக்கு 2 டாலர்தான். அயல்நாட்டுக் கப்பல்காரர்கள் அதைச் சிரித்துக்கொண்டே கட்டிவிடக் கூடுமல்லவா? 1898-இல் அதை 200 டாலராக உயர்த்தினார்கள். விலைவாசி உயர்வுக்கு ஏற்ப அது பின்னும் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. பலர் இதை 'ஜோன்ஸ் சட்டம்' என்று சொல்லிவிடுகிறார்கள். கல்லூரி மாணவர்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். ஜோன்ஸ் சட்டம் 1920-இல் வந்தது. அது சரக்குக் கப்பலைப் பற்றியது.

நாங்கள் ஏறியிருந்த கப்பலின் பின்புறத்தில் 'நாசோ' என்று எழுதியிருந்தது. நாசோ பஹாமாஸ் தீவுகளின் தலைநகர். கப்பலைக் கட்டியதும் அமெரிக்காவில் அன்று; பணியாளர்களோ இந்தியர், இந்தோனேசியர், பிலிப்பைன்ஸ்காரர். வரியும் சம்பளமும் குறைவாக இருக்கும் நாட்டின் கொடியைப் பறக்கவிடுவது உல்லாசக் கப்பல் தொழிலில் வழக்கமாகிவிட்டது. ஆகவே அந்தக் கப்பல் எங்களைச் சியாட்டிலில் ஏற்றி ஜூனோவில் விட்டுவிட்டால், அது கரையோரப் போக்குவரத்து ஆகிவிடும். அயல்நாட்டுக் கொடிக்கு அந்த உரிமை கிடையாது.

அப்படியானால் இத்தனைக் கப்பல்களும் எப்படி ஓடுகின்றன என்று கேட்பீர்கள். சுங்க இலாகாவின் விதிகளில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. புறப்பட்ட துறைமுகத்துக்கே பயணியைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதானால், நடுவில் ஓர் அண்டை அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டால் போதும். வழியில் உள்ள அமெரிக்க ஊர்களில் பயணி இறங்கி உலாவி வரலாம். கனடா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, பெர்முடா, மேற்கிந்தியத் தீவுகளில் பெரும்பாலானவை எல்லாம் அண்டைத் துறைமுகக் கணக்கில் சேரும். ஆனால் ஒரு துறைமுகத்தில் ஏறி வேறொரு துறைமுகத்தில் இறங்குவதானால் அண்டை நாடு போதாது. தொலைவிலுள்ள அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். தென் அமெரிக்கா முழுவதும் தொலைவுக் கணக்கு. அதனால்தான் புளோரிடாவில் புறப்பட்டுப் பனாமாக் கால்வாய் வழியாகக் கலிபோர்னியாவுக்குப் போகும் அயல்நாட்டுக் கப்பல்கள், கொலம்பியா நாட்டின் கார்த்தஹேனாவைப் போன்ற ஓரிடத்தில் நின்று செல்கின்றன. கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவில் இறங்குவோருக்கோ இந்தத் தொல்லையே இல்லை; அது ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் போகும் பயணம்.

இந்த விதியின் வேடிக்கையை முழுவதும் காண வேண்டுமானால் ஹவாய்த் தீவுகளுக்குப் போக வேண்டும். அங்கே பக்கத்தில் கனடாவும் இல்லை, மெக்சிகோவும் இல்லை. 2001-இன் இறுதியிலிருந்து 2004 வரையில் 'நார்வீஜியன் ஸ்டார்' என்ற கப்பல் ஹொனலூலுவிலிருந்து ஏழு நாள் பயணம் நடத்தியது. சட்டத்தை நிறைவேற்ற அது தெற்கே ஏறத்தாழ 1900 கிலோமீட்டர் ஓடி, கிரிபாத்தி நாட்டைச் சேர்ந்த ஃபானிங் தீவைத் தொட்டுத் திரும்பியது. பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே உள்ள ஒரு சிறு பவளத்தீவு அது. பயணிகள் அங்கே சில மணி நேரம் மணலில் நடந்துவிட்டு வருவார்கள். ஏழு நாளில் ஏறக்குறையப் பாதி நாள் வெறுங்கடலில் கழியும். பிறகு அந்த நிறுவனத்துக்கே அமெரிக்கக் கொடியுடன் கப்பல் ஓட்டக் காங்கிரஸ் 2003-இல் தனிச் சலுகை தந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் கட்டத் தொடங்கி, கட்டுவித்த நிறுவனம் 2001-இல் நொடித்துப் போனதால் அரைகுறையாக நின்ற உடற்கூட்டை ஜெர்மனிக்கு இழுத்துச் சென்று கட்டி முடித்தார்கள். 2004 ஜனவரியில் புயலில் அது துறையிலேயே பாதி மூழ்கியது! ஒருவழியாக 2005-இல் 'பிரைட் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயருடன் ஹவாய்க்கு வந்து சேர்ந்தது. கடலோடும் பெரிய உல்லாசக் கப்பல்களில் அமெரிக்கக் கொடி பறப்பது அது ஒன்றில்தான்.

சட்டம் காக்க நினைத்த தொழில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். கடல்கடந்து செல்லும் பெரிய பயணிக் கப்பலை அமெரிக்கத் தளம் ஒன்று முழுவதும் கட்டி முடித்தது 1958-இல்தான் கடைசி. காவல் இருக்கிறது, காக்கப்படும் பொருள் இல்லை. லாபம் விக்டோரியாவுக்கும் வான்கூவருக்கும் போகிறது. ஆயினும் சட்டம் முற்றிலும் வீண் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அலாஸ்கா அரசு 1963 முதல் நடத்திவரும் பயணிப் படகுகள் அமெரிக்கக் கப்பல்களே. சாலைத் தொடர்பே இல்லாத சிற்றூர்களுக்குக் குளிர்காலத்திலும் அவை போகின்றன. கோடையில் மட்டும் வரும் மிதக்கும் மாளிகைகள் குறைந்த கட்டணத்தில் அந்தப் பயணிகளையும் வாரிக்கொண்டால், மார்கழியில் அந்த ஊர்களுக்கு யார் போவார்?

இந்த அச்சம் நமக்குப் புதிதன்று. 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, எதிரில் நின்ற பிரிட்டிஷ் நிறுவனம் கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனதை உங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். பணப்பை பெரிதாயிருப்பவன் நட்டத்தைத் தாங்குவான், சிறியவன் தாங்கமாட்டான். 1911-க்குள் அந்தச் சுதேசி நிறுவனம் முடிந்துபோயிற்று. சுதந்திர இந்தியா 1958-இல் இயற்றிய வணிகக் கப்பல் சட்டத்தில், அயல்நாட்டுக் கப்பல் உரிமம் பெறாமல் நம் கரையோரத் தொழிலில் ஈடுபடலாகாது என்று விதித்ததற்குப் பின்னால் அத்தகைய அனுபவங்கள் இருந்தன.

அமெரிக்கச் சட்டம் ஒருமுறை வளைந்தும் கொடுத்தது. கோவிட் நோய்க் காலத்தில், 2021 பிப்ரவரியில், கனடா தன் துறைமுகங்களை உல்லாசக் கப்பல்களுக்கு மூடிவிட்டது. தொடுவதற்குத் துறைமுகம் இல்லை. ஆகவே போவதற்கு அலாஸ்காவும் இல்லை என்றாயிற்று. முந்திய ஆண்டும் கப்பல் வராததால், கெச்சிக்கன், ஸ்காக்வே போன்ற ஊர்களில் கடைகள் பூட்டிக் கிடந்தன. காங்கிரஸ் ஒரு தற்காலிகச் சட்டம் செய்து, கனடாவைத் தொடாமலே தொட்டதாகக் கொள்ளலாம் என்றது. மே 24-இல் ஜனாதிபதி பைடன் கையொப்பமிட்டார். ஜூலை 19-இல் 'செரினேட் ஆஃப் தி சீஸ்' பயணிகளோடு சியாட்டிலை விட்டுப் புறப்பட்டது. கனடா கதவைத் திறந்தபின் பழைய விதியே திரும்பிவிட்டது.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்றிரவு வெகுநேரம் கணக்குப் போட்டோம். அபராதம் இருவருக்கும் பெருந்தொகை. அதைவிட, அயல்நாட்டில் விருந்தாளியாக வந்து சட்டத்தை மீறிய பெயர் வேண்டாம் என்று நான் தயங்கினேன். மறுநாள் ஜூனோவில் மருத்துவமனைக்குப் போனோம். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாய்க்குக் காய்ச்சல். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள். அந்தப் பெண், "பெரியம்மா, நாளைக்கும் வருவீர்கள் அல்லவா?" என்று கேட்டாள்.

அதன்பின் பார்த்த பனியாறுகளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என் மனைவி அறையை விட்டு வெளியே வரவே இல்லை. கடைசி இரவு எட்டு மணிக்குக் கப்பல் விக்டோரியாவை அடைந்தது. பெரும்பாலோர் இறங்கவில்லை, இறங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, கப்பல் தொட்டால் போதும். நான் மட்டும் ஏணிப்பாலத்தில் இறங்கிக் கனடா மண்ணில் பத்து நிமிடம் நின்றேன். தூரத்தில் விளக்குகள் தெரிந்தன. மழை தூறியது. திரும்பி ஏறிக்கொண்டேன். நள்ளிரவுக்குமுன் சங்கு ஊதிற்று.

காலையில் சியாட்டிலில் இறங்கியதும், வீட்டுக்குப் போகாமல் நேரே விமான நிலையத்துக்குப் போனோம். இரண்டரை மணி நேரத்தில் ஜூனோ. அது அமெரிக்க விமானம். சட்டத்தில் குறையொன்றும் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்திருந்தார்கள்.